ஆறு கொத்து, அஞ்சு கிளிப்பு

சிட்டு: அசையாதீங்க அண்ணி! தலைய அப்படியே வெச்சுக்குங்க. மூணு... நாலு... இதோ காதுக்குப் பின்னாடி ஒன்னு. அஞ்சு...

அண்ணி: ஆறு.

சிட்டு: அஞ்சு.

அண்ணி: ஆறுடி! இன்னொரு தடவை எண்ணு.

சிட்டு: பேக்கிங்ல ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் பிஸ்கட் பாக்கெட்டுக்கு கணக்கு சொல்றவ நான். அஞ்சுன்னா அஞ்சுதான்.

அண்ணி: பின்னங்கழுத்துல பாரு. வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ரெண்டு, பின்னால ரெண்டு. காலைல ஆறு ஒட்டு முடிக் கொத்தையும் என் கையாலதான் மாட்டினேன்.

சிட்டு: பின்னால ஒன்னுதான் தொங்குது. இன்னொன்னு இருக்க வேண்டிய எடத்துல உங்க சொந்த முடி நாலு நரைச்சு நிக்குது. அதையும் சேர்த்துக்கட்டுமா?

அண்ணி: வாய மூடு... கதவுக்குத் தாழ் போட்டியா?

சிட்டு: போட்டாச்சு. வெளிய யாரோ ரெண்டு தடவை தட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இந்த பாத்ரூம்ல இருந்தோம்னா, குவாலிட்டி மேடத்துக்கு வயிறு சரியில்லைன்னு ஃபேக்டரி பூரா பரவிடும்.

அண்ணி: பரவட்டும். வயிறுன்னே பரவட்டும். முடின்னு மட்டும் பரவக்கூடாது.

சிட்டு: நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?

அண்ணி: கோவிச்சுக்குவேன்.

சிட்டு: போன மாசம், மாவு பிசையற பொண்ணு சட்டைக் கையில ஒரே ஒரு முடி ஒட்டியிருந்ததுக்கு மூணு நாள் வீட்டுக்கு அனுப்பினீங்க.

அண்ணி: அது விதி.

சிட்டு: அது ஒரு முடி. இது ஒரு கொத்து. ஒரு சாண் நீளம். பீட்ரூட் கலரு.

அண்ணி: பீட்ரூட் இல்ல. பர்கண்டி.

சிட்டு: பிஸ்கட்டுக்குள்ள இருந்து வெளிய எடுக்கறவனுக்கு ரெண்டும் ஒன்னுதான்.

அண்ணி: எடுக்கறவனா? ஐயோ... இன்னிக்கு லோடு எங்கடி போகுது?

சிட்டு: பள்ளிக்கூடங்களுக்கு. பதினோரு மணிக்கு லாரி.

அண்ணி: இப்ப மணி?

சிட்டு: பத்தேகால்.

அண்ணி: இந்த வலைத் தொப்பியப் பிடி. தலைகீழா உதறு. மெதுவா! கீழ விழுந்தா தண்ணில போயிடும்.

சிட்டு: ஒன்னுமில்ல. மேல போடற துணித் தொப்பியிலயும் இல்ல. ஏன் அண்ணி, ரெண்டு தொப்பி போட்டிருக்கறப்போ எப்படி நழுவும்? நீங்கதானே எங்களுக்கு வகுப்பு எடுக்கறீங்க? காது மறையணும், நெத்தி மறையணும், வலை இறுக்கமா இருக்கணும்னு...

அண்ணி: இறுக்கமாத்தான் போட்டேன். அதான் வினை. ஆறு கிளிப்பும் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி குத்துச்சு. ஒன்பதரை மணிக்கு, ஆற வைக்கிற பெல்ட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். பொறுக்க முடியல. வலைக்குள்ள விரலை விட்டு...

சிட்டு: சொறிஞ்சீங்க.

அண்ணி: லேசா.

சிட்டு: பெல்ட்டு மேல குனிஞ்சுக்கிட்டு சொறிஞ்சீங்க!

அண்ணி: லேசாடி! 'டிக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கழுத்து எலும்பு போலன்னு நினைச்சேன்.

சிட்டு: அண்ணி, எனக்கு ஒன்னு புரியல. கலர் புடிச்சிருந்தா நேரா பார்லருக்குப் போய் அடிச்சுக்க வேண்டியதுதானே? இந்தக் கொத்து, கிளிப்பு, ஒளிச்சு மறைச்சு மாட்டறது... எதுக்கு?

அண்ணி: அடிச்சா ஆறு மாசத்துக்குப் போகாது. நல்லா இல்லைன்னா ஆறு மாசம் எல்லார் வாய்லயும் விழணும். இது புடிக்கலைன்னா சாயங்காலம் கழட்டி டப்பால போட்டுடலாம். துணிக்கடையில புடவைய மேல வெச்சுப் பார்க்கறதில்லையா, அந்த மாதிரி.

சிட்டு: சரி. அத இன்னிக்கா வெச்சுப் பார்க்கணும்?

அண்ணி: இன்னிக்குத்தானே போட்டோ எடுக்க வராங்க! பன்னிரண்டு மணிக்கு. தொப்பி இல்லாம ஒன்னு, தொப்பியோட ஒன்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு போஸ்டர் அடிக்கப் போறாங்களாம்.

சிட்டு: 'சுத்தம் இவர் கையில்'னு...

அண்ணி: சிரிக்காதே.

சிட்டு: சிரிக்கல அண்ணி, இருமல்.

அண்ணி: பதினேழு வருஷம் ஆச்சு சிட்டு. காலைல உள்ள வந்தா தொப்பி, சாயங்காலம் கழட்டினா தலை நனைஞ்ச கோழி மாதிரி. இந்த ஃபேக்டரில என் முடி என்ன கலர்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஒரு போட்டோ... அதுலயாவது கொஞ்சம் பளிச்சுனு இருக்கலாமேன்னு நினைச்சேன்.

சிட்டு: அண்ணன் பார்த்தாரா?

அண்ணி: உங்க அண்ணனா? அவர் முன்னாடி மூணு தடவை நடந்தேன். நாலாவது தடவை பேப்பர்ல இருந்து தலையத் தூக்கினாரு.

சிட்டு: என்ன சொன்னாரு?

அண்ணி: 'குடை எடுத்துக்கோ'ன்னாரு.

சிட்டு: அண்ணன்னா அண்ணன்தான்... அண்ணி, திரும்புங்க. அந்த வெள்ளைக் கோட்டக் கழட்டுங்க. காலருக்குள்ள ஏதோ சிவப்பா...

அண்ணி: எங்க?

சிட்டு: அசையாதீங்க! முதுகுப் பக்கம் இறங்குது... புடிச்சுட்டேன்!

அண்ணி: கிடைச்சிடுச்சா?

சிட்டு: கிடைச்சிடுச்சு! ஆறாவது! இந்தாங்க, உங்க பீட்ரூட்டு.

அண்ணி: அப்பாடா... அப்பாடா! உனக்குக் கோடிப் புண்ணியம்டி. நீ என்ன கேட்டாலும் வாங்கித் தரேன்.

சிட்டு: அத அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சிரிச்சுக்கறேன். 'கழுத்து எலும்பு போலன்னு நினைச்சேன்'...

அண்ணி: சிரி, நல்லா சிரி. இப்ப நானும் சிரிப்பேன். ஒரு நிமிஷம்... இதக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டு.

சிட்டு: என்ன அண்ணி?

அண்ணி: இதுல கிளிப்பு எங்க?

சிட்டு: எந்த கிளிப்பு?

அண்ணி: மத்த அஞ்சுலயும் மேல ஒரு கிளிப்பு தைச்சிருக்கு பாரு. இதுல வெறும் நூல்தான் தொங்குது.

சிட்டு: ...கோட்டுக்குள்ள விழுந்திருக்கும்.

அண்ணி: உதறு.

சிட்டு: உதறிட்டேன்.

அண்ணி: பாக்கெட்டு?

சிட்டு: ஒரு பேனா, ஒரு தலைவலி மாத்திரை, உங்க பெட்டிச் சாவி. அவ்வளவுதான்.

அண்ணி: அந்த 'டிக்'...

சிட்டு: அண்ணி, உக்காராதீங்க, தரை ஈரம். அது இரும்புதானே? இரும்புன்னா பயமே வேண்டாமே! முடின்னாதான் மெஷினுக்குத் தெரியாது. பேக்கிங் முடிஞ்ச ஒவ்வொரு பாக்கெட்டும் மெட்டல் டிடெக்டருக்குள்ள போய்த்தானே வெளிய வருது? இரும்பு இருந்தா கத்தும், அந்தப் பாக்கெட்ட ஒரு தட்டு தட்டி பூட்டின பெட்டிக்குள்ள தள்ளிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

அண்ணி: சொல்லிக் குடுத்தேன்...

சிட்டு: அப்புறம் என்ன?

அண்ணி: கத்துமான்னு தெரியாது.

சிட்டு: தினம் காலைல ஆறு மணிக்கு டெஸ்ட் அட்டைய விட்டு கத்துதான்னு பார்த்துட்டுத்தானே நோட்டுல கையெழுத்து போடறீங்க?

அண்ணி: கையெழுத்து போட்டேன்.

சிட்டு: டெஸ்ட்டு?

அண்ணி: ஆறு மணிக்கு நான் இங்கதான் இருந்தேன். இந்தக் கண்ணாடி முன்னால. வீட்ல மாட்டிட்டு வந்ததுல நாலாவது கிளிப்பு நிக்கவே மாட்டேன்னுச்சு.

சிட்டு: அண்ணி!

அண்ணி: பதினேழு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. ஒரே ஒரு நாள்... சரி, எழுந்திரு.

சிட்டு: நான் நின்னுட்டுத்தான் இருக்கேன்.

அண்ணி: அப்போ என்னைத் தூக்கி விடு. அஞ்சையும் கழட்டு. டப்பால போட்டு உன் லாக்கர்ல வை. வலைய மாட்டு, தொப்பிய மாட்டு. டிடெக்டர் கிட்ட போறோம். ஓடாதே. ஓடினா எல்லாரும் பார்ப்பாங்க.

சிட்டு: நீங்கதான் ஓடறீங்க.

அண்ணி: இது வேக நடை. உன் லைன்ல இப்ப யார் நிக்கறாங்க?

சிட்டு: மெக்கானிக் சார். பத்து மணிக்கு நான் டீக்குக் கிளம்பறப்போ, 'நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்'னாரு.

அண்ணி: அவருக்கு என்ன இவ்வளவு அக்கறை?

சிட்டு: அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான்.

அண்ணி: ஃபேக்டரில எல்லாரும் அவர 'அண்ணே'ங்கறாங்க. அவர விட பத்து வயசு பெரிய டிரைவர் கூட 'அண்ணே'ங்கறாரு. நீ ஒருத்திதான் 'சார்'ங்கறே.

சிட்டு: மரியாதை அண்ணி.

அண்ணி: எனக்கே காது குத்தறியா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனுஷனோட தலையைத்தான் பார்த்துட்டு நிக்கறே.

சிட்டு: அப்படி ஒரு தலை! காத்தடிச்சா கலையறதில்ல, ஓவன் சூட்டுல வேர்க்கறதில்ல. அதிசயத்த யாரும் பார்க்கத்தானே செய்வாங்க?

அண்ணி: இந்த லட்சணத்துல உனக்குக் கிண்டல் வேற. ஆள் எங்க? காணோமே.

சிட்டு: ஓவன் பக்கம் போயிருப்பாரு.

அண்ணி: நல்லதாப் போச்சு. இந்தா, டெஸ்ட் அட்டை. கடுகு அளவுக்கு உள்ள ஒரு இரும்புக் குண்டு இருக்கு. இதக் கண்டுபிடிச்சா அந்த கிளிப்பையும் கண்டுபிடிச்சிருக்கும். அடுத்து வர பாக்கெட்டு மேல வை.

சிட்டு: வெச்சுட்டேன். போகுது... போகுது... உள்ள போயிடுச்சு...

அண்ணி: கத்து... கத்துடா ராசா...

சிட்டு: கத்திடுச்சு! கேட்டீங்களா? தள்ளிடுச்சு பாருங்க, பெட்டிக்குள்ள!

அண்ணி: தெய்வமே! மெஷின் நல்லாருக்கு. அப்போ கிளிப்பு வந்திருந்தா இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கணும். சாவியக் குடு.

சிட்டு: உங்க கைல இருக்கு.

அண்ணி: ஆங். திறக்கறேன்... உள்ள இப்ப நாம விட்ட பாக்கெட்டு. அப்புறம்...

சிட்டு: அப்புறம்?

அண்ணி: அவ்வளவுதான்.

சிட்டு: அப்போ கிளிப்பு இன்னும் இந்தப் பக்கமே வரலியா?

அண்ணி: இரு. மெஷின் முகப்புல அந்த எண்ணப் படி. இன்னிக்கு எத்தனை பாக்கெட்டத் தள்ளியிருக்குன்னு காட்டும்.

சிட்டு: ரெண்டு.

அண்ணி: ஒன்னு நாம இப்ப விட்டது.

சிட்டு: இன்னொன்னு... பத்து மணி ஏழு நிமிஷம்னு போட்டிருக்கு.

அண்ணி: பத்து ஏழு. ஒன்பதரைக்கு பெல்ட்டுல விழுந்தது, ஆறி, அடுக்கி, உறை போட்டு இங்க வர அரை மணி நேரம் ஆகும். சரியா இருக்கு. மெஷின் புடிச்சிருக்கு, பெட்டிக்குள்ள தள்ளியிருக்கு. பெட்டி பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா உள்ள பாக்கெட்டு இல்ல.

சிட்டு: அண்ணி, எனக்கு ரோமமெல்லாம் சிலிர்க்குது.

அண்ணி: இந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒன்னு என்கிட்ட.

சிட்டு: இன்னொன்னு?

அண்ணி: நீ மரியாதையா கூப்புடற ஆள்கிட்ட.

சிட்டு: ...அவரே வராரு பாருங்க.

மெக்கானிக்: என்ன மேடம், பெட்டியத் திறந்து வெச்சிருக்கீங்க? ஏதாவது கோளாறா?

அண்ணி: பத்து ஏழுக்கு மெஷின் கத்துச்சா?

மெக்கானிக்: பத்து ஏழுக்கா? இல்லையே மேடம். நான் இங்கதான் நின்னேன்.

அண்ணி: எண்ணுல காட்டுதே.

மெக்கானிக்: அது... சென்சார்ல தூசி படிஞ்சிருக்கும். சில சமயம் அதுவா எண்ணிக்கும் மேடம். பேய் எண்ணிக்கைன்னு சொல்லுவோம்.

அண்ணி: பதினேழு வருஷத்துல நான் கேள்விப்பட்டதில்லையே.

மெக்கானிக்: புதுசா வருது.

சிட்டு: மெக்கானிக் சார், உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மெக்கானிக்: ஓவன் பக்கம் இருந்து வரேன்ல, சிட்டும்மா.

சிட்டு: ஓவன்ல நின்னா உங்களுக்கு வேர்க்காதே.

அண்ணி: நீ சும்மா இரு. மெக்கானிக், நல்லா யோசிச்சு சொல்லுங்க. மெஷின் பொய்யா எண்ணுதுன்னா, அது கத்தாததையும் நம்ப முடியாது. அப்படித்தானே?

மெக்கானிக்: அப்படியெல்லாம் இல்ல மேடம்... கத்தறது நல்லாத்தான் கத்தும்... எண்ணறதுதான்...

அண்ணி: சரி. சிட்டு, அந்தச் சிவப்பு பட்டன அழுத்து.

சிட்டு: லைனையா நிறுத்தறது? நிஜமாவா?

அண்ணி: அழுத்து.

சிட்டு: அண்ணி, நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. காரணம் எழுதணும்.

அண்ணி: எழுதறேன்.

மெக்கானிக்: மேடம், எதுக்கு அவசரம்? ஒரு பத்து நிமிஷம் குடுங்க, நான் சென்சாரத் தொடச்சு...

அண்ணி: பத்து நிமிஷத்துல ஆயிரம் பாக்கெட்டு வெளிய போகும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு குழந்தை பசியோட கடிக்கும். அழுத்துடின்னா!

சிட்டு: ...நின்னுடுச்சு. அண்ணி, இந்த எடம் இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல.

அண்ணி: அந்தப் போன எடு. மேனேஜர் அறைக்குப் போடு.

சிட்டு: தொப்பிய நெத்திக்கு இழுத்துக்குங்க.

அண்ணி: போன்ல தெரியாதுடி... ஐயா, வணக்கம். குவாலிட்டில இருந்து பேசறேன். லைன நிறுத்திட்டேன்... ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். லாரிய வாசல விட்டு அனுப்பாதீங்க... காரணமா? ஒரு இரும்புக் கிளிப்பு காணோம். சின்னது. லைன்ல விழுந்திருக்கு... யாரோடதா? என்னோடது ஐயா. முடியில மாட்டிக்கிட்டு வந்தேன்... இல்ல, என் முடியில்ல. ஒட்டு முடி... பர்கண்டி கலரு... அழகுக்குத்தான் ஐயா, வேற எதுக்கு? இன்னொன்னும் சொல்லிடறேன். காலைல டிடெக்டர டெஸ்ட் பண்ணாமலே நோட்டுல கையெழுத்து போட்டுட்டேன்... ஆமா, நானேதான்... பதினொன்னரைக்கு உங்க அறைக்கு வரேன். போட்டோக்காரர அப்படியே திருப்பி அனுப்பிடுங்க. இல்லைன்னா மாவு பிசையற பொண்ண எடுக்கச் சொல்லுங்க, அவ முகம் நல்லாருக்கும்... சரிங்க ஐயா.

சிட்டு: என்ன சொன்னாரு?

அண்ணி: 'நீங்களா?'ன்னு கேட்டாரு. அதுதான்டி தாங்கல. திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல.

சிட்டு: அண்ணி... அழாதீங்க. எனக்கும் வருது.

அண்ணி: வேலை போனா போகட்டும். நாளைக்கு யார் தலையைப் பார்த்து நான் 'வலைய இழுத்துவிடு'ன்னு சொல்லுவேன்?

மெக்கானிக்: மேடம்... இவ்வளவு பெருசா எடுத்துக்காதீங்க. ஆறு பல்லு வெச்ச ஒரு துக்கிணியூண்டு கிளிப்பு. அதுக்குப் போய்...

அண்ணி: என்ன சொன்னீங்க?

மெக்கானிக்: பெருசா எடுத்துக்காதீங்கன்னேன்.

அண்ணி: அதுக்கு அப்புறம்.

மெக்கானிக்: ...கிளிப்புன்னேன்.

அண்ணி: நான் கிளிப்புன்னுதான் சொன்னேன். ஆறு பல்லுன்னு நான் சொல்லவே இல்லையே. சிட்டு, நீ சொன்னியா?

சிட்டு: எனக்கே தெரியாது அண்ணி. நான் எண்ணல.

அண்ணி: நாப்பதாயிரம் எண்ணறவளே எண்ணல. நீங்க எங்க எண்ணினீங்க மெக்கானிக்?

மெக்கானிக்: பொதுவா... கிளிப்புன்னா ஆறு பல்லு இருக்கும்னு...

அண்ணி: டூல் பெட்டியத் திறங்க.

மெக்கானிக்: அதுல ஸ்பானர்தான் மேடம்...

அண்ணி: நான் ஏற்கனவே வேலை போன பொம்பளை. எனக்கு இனிமே பயமும் இல்ல, பொறுமையும் இல்ல. திறங்க.

மெக்கானிக்: ...இந்தாங்க.

சிட்டு: பாக்கெட்டு! பிரிச்ச பாக்கெட்டு! உள்ள... அண்ணி, கிளிப்பு!

அண்ணி: கடவுளே... குடு, குடு. இதுதான். இதேதான். மெஷின் புடிச்சிருக்கு! ஒன்னும் வெளிய போகல! பேய் எண்ணிக்கையாம்ல, பேய் எண்ணிக்கை! ஏன்யா, கையில வெச்சுக்கிட்டு என்னைப் புலம்ப விட்டு வேடிக்கை பார்த்தீங்களே, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?

மெக்கானிக்: மேடம், சத்தியமா இது உங்களோடதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க போன்ல பேசினப்போதான் சந்தேகமே வந்துச்சு.

அண்ணி: அப்போ யாரோடதுன்னு நினைச்சு ஒளிச்சீங்க?

மெக்கானிக்: அது... சிட்டும்மா கொஞ்சம் வெளிய போனாங்கன்னா சொல்றேன்.

சிட்டு: நான் போகமாட்டேன்.

மெக்கானிக்: தண்ணி குடிச்சுட்டு வாங்களேன்.

சிட்டு: தாகமில்ல.

அண்ணி: சொல்லுங்க.

மெக்கானிக்: ...என்னோடதுன்னு நினைச்சேன்.

அண்ணி: எது?

மெக்கானிக்: கிளிப்பு.

அண்ணி: ஆம்பளைக்கு எதுக்கு முடிக் கிளிப்பு?

மெக்கானிக்: எல்லாரும் மாட்டறதுக்குத்தான் மேடம்.

அண்ணி: எதுக்குன்னு கேக்கறேன்ல... ஐயய்யோ. அந்த முடி?

மெக்கானிக்: கொஞ்சம் மெதுவா மேடம்.

அண்ணி: அவ்வளவுமா?

மெக்கானிக்: காதுக்கு மேல இருக்கறது மட்டும் சொந்தம்.

அண்ணி: சிட்டு, கேட்டியா? காத்தடிச்சா கலையாதுன்னியே... என்னடி நீ, வாயப் பொளக்காம நிக்கறே?

சிட்டு: நான்... அதிர்ச்சியா இருக்கேன் அண்ணி.

மெக்கானிக்: மொத்தம் நாலு கிளிப்பு மேடம். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. திங்கக்கிழமை காலைல கண்ணாடி முன்னால பார்க்கறேன், மூணுதான் இருக்கு. சனிக்கிழமை ஓவன் பெல்ட்டுக்கு அடியில தலைய விட்டு வேலை செஞ்சேன், அங்கதான் விழுந்திருக்கணும்னு தோணுச்சு. அன்னிலேர்ந்து தினம் இந்தப் பெட்டியத் திறந்து திறந்து பார்க்கறேன். நாலு நாளா சரியான தூக்கமில்ல. இன்னிக்கு மெஷின் கத்தினதும், பிரிச்சுப் பார்த்தா கிளிப்பு! எதையும் யோசிக்காம பாக்கெட்டோட டூல் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்.

அண்ணி: இதுல பர்கண்டி முடி ஒன்னு சுத்திக்கிட்டு இருக்கே, அதக்கூடப் பார்க்கலையா?

மெக்கானிக்: பார்த்தேன் மேடம். ஓவன் சூட்டுல கலர் மாறியிருக்கும்னு நினைச்சேன்.

அண்ணி: நல்ல மெக்கானிக்!

மெக்கானிக்: ஆனா கலர் நல்லாருக்கு மேடம். உங்களுக்கு எடுப்பா இருக்கும். மாட்டற விதம்தான் தப்பு. வெறும் முடியில மாட்டினா வழுக்கும், குத்தும். அடியில மெல்லிசா ஒரு பின்னல் போட்டு, அந்தப் பின்னல் மேல கிளிப்ப மாட்டணும். அசையவே அசையாது.

அண்ணி: காலைலேர்ந்து என் கலரப் பத்தி நல்லதா சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அத நினைச்சு சந்தோஷப்படறதா, அழறதான்னு தெரியல.

மெக்கானிக்: மேனேஜர்கிட்ட கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடலாம் மேடம். உங்க மேல தப்பே இல்லைன்னு ஆயிடும்.

அண்ணி: கிளிப்பு கிடைச்சிடுச்சுன்னு சொல்லுவேன். டெஸ்ட் பண்ணாம போட்ட கையெழுத்து போட்டதுதான். அத நான் வாபஸ் வாங்க மாட்டேன்... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்!

சிட்டு: மறுபடியும் என்ன அண்ணி?

அண்ணி: இது என்னோட கிளிப்பு.

மெக்கானிக்: ஆமா மேடம்.

அண்ணி: அப்போ உங்களோடது எங்க?

மெக்கானிக்: தெரியலையே மேடம்.

அண்ணி: நாலு நாளா மெஷின் புடிக்கல. அப்போ அது டிடெக்டருக்கு வந்து சேரவே இல்ல. இன்னும் உள்ளயே எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு, துண்டு துண்டா உடைஞ்சு மாவுல விழும்!

மெக்கானிக்: அப்படி ஆகாது மேடம்...

அண்ணி: எப்படித் தெரியும்? ஃபேக்டரியத் தவிர வேற எங்கயாவது விழுந்திருக்குமா? ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமையா? எங்கயும் போகல மேடம்.

அண்ணி: நல்லா யோசிங்க.

மெக்கானிக்: வீட்லயேதான் இருந்தேன். நாள் பூரா படுத்துட்டு இருந்தேன்.

அண்ணி: வீட்ல தேடினீங்களா?

மெக்கானிக்: பாயத் தூக்கி, கட்டில நகர்த்தி, எல்லாம் தேடிட்டேன்.

அண்ணி: அப்போ ஓவன்தான். முடிஞ்சது கதை. எல்லா மெஷினையும் ஒரு ஸ்குரூ விடாம கழட்டணும். நாலு நாளைக்கு லைன் மூடணும். காரணம் எழுதறப்போ உங்க தலையையும் எழுதித்தான் ஆகணும், நான் என்ன பண்ண?

மெக்கானிக்: எழுதுங்க மேடம். நீங்க உங்களதச் சொன்னீங்க இல்ல... நானும் சொல்லிடறேன்.

சிட்டு: அண்ணி, அவசரப்படாதீங்க.

அண்ணி: உனக்கென்ன? போன இப்படிக் குடு... ஐயா, மறுபடியும் நான்தான். என் கிளிப்பு கிடைச்சிடுச்சு, மெஷின் ஒழுங்காப் புடிச்சிருக்கு. ஆனா இன்னொரு கிளிப்பு... ஆமாங்க ஐயா, இன்னொன்னு. இல்ல, இது என்னோடது இல்ல. சனிக்கிழமையில இருந்து காணோமாம்...

சிட்டு: அண்ணி, போன வைங்க.

அண்ணி: பேசிட்டிருக்கேன்ல... ஐயா, ஓவன் முழுக்கக் கழட்டணும்...

சிட்டு: வைங்கன்னா வைங்க! அந்த கிளிப்பு என்கிட்ட இருக்கு.

மெக்கானிக்: ...என்னது?

அண்ணி: ஒரு நிமிஷம் ஐயா. உன்கிட்டயா? உன்கிட்ட எப்படிடி வந்துச்சு?

மெக்கானிக்: சிட்டு... வேண்டாம்.

சிட்டு: வேற வழி? ஃபேக்டரியே மூடப் போறாங்க. அவரு கூச்சப்படுவாருன்னுதான் இத்தனை நாளாத் திருப்பிக் குடுக்கல... ஞாயித்துக்கிழமை மேட்னி ஷோ அண்ணி. இடைவேளை முடிஞ்சதும் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. படம் முடிஞ்சு லைட்டு போட்டதும் எழுந்தாரு... அவரு மட்டும்தான் எழுந்தாரு, கிளிப்பு என் துப்பட்டாவப் புடிச்சுக்கிட்டு அங்கயே தங்கிடுச்சு.